ஃப்ரீ ஃபயரை நடுவில் நிறுத்த முடியாது: சிறார் நாவல் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிறார் நாவல் வெளியிடும் பதிப்பாளர்களுக்கும் எழுதுவோருக்கும் வணக்கம்.

போனை விட்டு நகராத பத்து, பதினொரு வயதுப் பிள்ளையைப் பற்றி நாவல் போடுகிறீர்கள், நல்லது. அச்சுக்கு அனுப்புமுன் அதே வயதுப் பிள்ளைகளிடம் கருத்துக் கேட்பதும் நல்லதே. கேட்கிற விதத்தில்தான் எங்களுக்கு வழக்கு.

“கதை பிடித்ததா? என்ன கற்றுக்கொண்டாய்?” என்றால், “போன் அதிகம் பார்க்கக் கூடாது” என்று பதில் வரும். ஐந்து மதிப்பெண் வினாவுக்கு எழுதிப் பழகிய கை வேறெப்படி எழுதும்? பின்னட்டைக்கு அது அழகு. கதையைத் திருத்தக் காலணாவுக்கு உதவாது.

ஒரு காட்சி. பையன் போனில் ஃப்ரீ ஃபயர் என்ற துப்பாக்கிச் சண்டை ஆட்டம் ஆடுகிறான். அம்மா சாப்பிடக் கூப்பிடுகிறாள். ஆட்டத்தை அப்படியே நிறுத்தி வைத்துவிட்டுத் தட்டின் முன் வந்து உட்காருகிறான். பெரியவர்கள் இதைக் கவனிக்காமல் தாண்டிவிடுவார்கள். பிள்ளைகள் அந்த வரியிலேயே நாவலை நம்புவதை விட்டுவிடுவார்கள். அந்த ஆட்டத்தை இடையில் நிறுத்தி வைக்க முடியாது. இணையம் வழியாக 50 பேர் ஒரே களத்தில் இறங்கி, பத்து நிமிடத்துக்குப் பக்கமாக ஓடும். ஸ்குவாட் எனப்படும் அணியில் 4 பேர். ஒருவன் எழுந்து போனால் மற்ற மூவர் பாடு திண்டாட்டம். மறுநாள் வகுப்பில் அவனுக்குத் திட்டு விழும். “இதோ வரேம்மா”வுக்குப் பின்னால் இருக்கும் இந்தக் கணக்குத் தெரியாவிட்டால், உங்கள் பையன் வெறும் சொல்பேச்சுக் கேளாதவனாகத்தான் தெரிவான். இன்னொன்று: 2022 பிப்ரவரியில் இந்தியாவில் ஃப்ரீ ஃபயர் தடையானது, பிறகும் பிள்ளைகள் கையில் இருந்தது அதன் இன்னொரு வடிவமான ‘ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்’. டிக்டாக் 2020 ஜூனிலேயே போய்விட்டது. இன்று நடக்கிற கதையில் அது வந்தால் ‘பழைய புக்’ என்று ஓரமாக வைத்துவிடுவார்கள்.

இனி முறைக்கு வருவோம். 8 பிள்ளைகள் போதும். நூலகமே கதியென்று கிடப்பவர்களையும் முதல் ரேங்க்காரர்களையும் மட்டும் பொறுக்காதீர்கள். அவர்கள் எதைக் கொடுத்தாலும் படித்து முடித்துவிடுவார்கள். பாதிப் பேராவது அம்மாவின் போனைக் கெஞ்சி வாங்குகிறவர்களாக இருக்கட்டும். அவர்களுக்குக் கொடுக்கும் நாவல் பிரதி இப்படி இருக்கட்டும்: 14 பாயிண்ட் எழுத்து, தாளின் ஒரு பக்கம் மட்டும், வலப்புறம் இரண்டு அங்குலம் வெற்றிடம், ஸ்பைரல் பைண்டிங். கையில் பென்சில் கொடுங்கள். பேனா என்றால் தப்பாகிவிடுமோ என்று தயங்குவார்கள். சிரிப்பு வந்தால் வட்டம், சலித்தால் நெளிகோடு, ‘இப்படியெல்லாம் நடக்காது’ என்று பட்டால் பெருக்கல் குறி. மூடி வைத்த இடத்தில் தாளின் முனையை மடிக்கச் சொல்லுங்கள். அந்த மடிப்பு பொய் சொல்லாது.

பத்து நாள் கழித்து ஒவ்வொருவரிடமும் தனியாகப் பதினைந்து நிமிடம் பேசுங்கள். கூட்டாக உட்கார வைப்பது அதன் பிறகுதான். முதலிலேயே கூட்டினால், முந்திப் பேசுகிறவர் சொன்னதையே மற்ற ஏழு பேரும் சொல்வார்கள். எழுத்தாளர் அறையில் இருக்கவே கூடாது, முகத்துக்கு நேரே எந்தப் பிள்ளை குறை சொல்லும்? “எங்கே மூடினாய், மூடிவிட்டு என்ன செய்தாய்?”, “இதை யாருக்குக் கொடுக்கமாட்டாய்?” இந்த இரண்டு கேள்வியிலேயே பாதி விஷயம் வந்துவிடும்.

ஒரே இடத்தில் மூன்று மடிப்பு விழுந்தால் திருத்துங்கள். பெரும்பாலும் அது ஆலோசகரோ தாத்தாவோ வந்து இரண்டு பக்கம் பேசுகிற இடமாக இருக்கும். கடைசி அத்தியாயத்தில் போனைத் தூக்கி எறிந்துவிட்டு மைதானத்துக்கு ஓடும் முடிவையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுப்பாடம் வகுப்பு வாட்ஸப் குழுவில் வருகிற பிள்ளை, “அப்போ ஹோம்வொர்க்?” என்று கேட்கும். கேட்டால் பதில் நாவலில் இருக்க வேண்டும்.

பின்னட்டையில் பிள்ளையின் வரியைப் போடுவதானால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். முதற்பெயரும் வயதும் போதும், பள்ளிப் பெயர் வேண்டாம். “மொக்கையா இல்ல” என்று சொல்லியிருந்தால் அதைச் “சுவையான நாவல்” என்று மாற்றாதீர்கள்.

ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்கு நூல் வர வேண்டுமென்றால், காலாண்டு விடுமுறை தொடங்கும்போதே பிரதி பிள்ளைகள் கையில் இருக்கட்டும். டிசம்பரில் கொடுத்தால் அரையாண்டுத் தேர்வு குறுக்கே வந்துவிடும்.

இப்படிக்கு,
சிறார் வாசிப்பு வட்டங்கள் நடத்துவோர்