எடை கூட்டிப் பதக்கம் வென்றவர்

ஆசிரியருக்கு,

உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் பெண்கள் மல்யுத்தம் என்றாலே நம் நாட்டு வீராங்கனைகளும் ஜப்பான்காரர்களும்தான் வருகிறார்கள், சரி, மங்கோலியாவின் சோரோன்சோன்போல்டின் பத்செத்செக் பற்றி ஒரு பத்தியாவது போடக்கூடாதா? 2010 மாஸ்கோ உலகப் போட்டியில் 59 கிலோ பிரிவில் தங்கம் வென்றார். ஆனால் அந்த எடைப் பிரிவு அப்போது ஒலிம்பிக்கிலேயே கிடையாது, பெண்களுக்கு மொத்தம் நாலே பிரிவுகள். அதனால் 63 கிலோவுக்கு ஏறி, 2012 லண்டனில் வெண்கலம் வாங்கினார். அதே பிரிவில் தங்கம் யாருக்கு என்றால் ஜப்பானின் காவோரி இச்சோவுக்கு, அவர் ஆடிய காலத்தில் மற்றவர்கள் எதற்குப் போட்டியிட்டிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை! அப்புறம் 2015 லாஸ் வேகஸில் 63 கிலோவிலும் உலக சாம்பியன்.

இத்தனைக்கும் மங்கோலியாவின் நாதாம் திருவிழாவில் மல்யுத்தம் இன்றும் ஆண்களுக்கு மட்டும்தான். பெண் ஒருத்தி ஆண் வேடத்தில் வந்து எல்லோரையும் வீழ்த்திவிட்டாள் என்று ஒரு கதை, இனி பெண் யாரும் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகவே மல்யுத்த வீரர்களுக்கு மார்பு திறந்த சட்டையாம். குதிரைப் பந்தயத்திலும் வில்வித்தையிலும் பெண்கள் உண்டு, மல்யுத்தத்தில் மட்டும் கூடாதாம், என்ன நியாயமோ.

ஒரு வாசகர், மதுரை