எண்ணெய் விலையேற்றத்துக்கு வயது முப்பது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சமையல் எண்ணெய் விலை பற்றி உங்கள் நாளிதழில் வந்த தலையங்கத்தைப் படித்தேன். பதுக்குகிறவர்கள் மீது நடவடிக்கை எடுத்து, இறக்குமதி வரியையும் குறைத்துவிட்டால் விலை அடங்கிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் திண்டிவனம் பக்கம் மளிகைக்கடை வைத்திருப்பவன். எண்ணெய் வியாபாரத்தில் பதுக்கலே கிடையாது என்று நான் சொன்னால் என் வாடிக்கையாளர்களே சிரிப்பார்கள். ஆனால் இன்றைக்கு நாம் கொடுக்கும் விலைக்குக் காரணம் இந்த வருஷத்துப் பதுக்கல் இல்லை. எண்ணெய் மலிவாகக் கிடைக்கட்டும் என்று முப்பது வருஷத்துக்கு முன்னால் எடுத்த முடிவுதான்.

1986-இல் மத்திய அரசு எண்ணெய் வித்துகளுக்கென்று ஒரு தொழில்நுட்ப இயக்கம் தொடங்கியது. விதை, ஆராய்ச்சி, கொள்முதல் எல்லாவற்றையும் சேர்த்துக் கவனித்தார்கள். அதைவிட முக்கியமாக, இறக்குமதியை அரசு தன் கையில் வைத்துக்கொண்டு உள்ளூர் விலை விழாமல் பார்த்துக்கொண்டது. ஏழெட்டு வருஷத்தில் நாட்டுக்கு வேண்டிய எண்ணெய் ஏறக்குறைய முழுவதும் இங்கேயே கிடைத்தது. மஞ்சள் புரட்சி என்று பிள்ளைகள் பாடத்தில் படிப்பது இதைத்தான். அப்புறம் என்ன ஆனது என்பது பாடத்தில் இல்லை. 1994-இல் பாமாயிலை யார் வேண்டுமானாலும் 65 சதவீத வரி கட்டி இறக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். மறுவருஷமே வரி 30 ஆனது. பிறகு 20, 1998-இல் 15. கேட்டால் உலக வர்த்தக அமைப்பின் மேல் பழி போடுவார்கள். அந்த ஒப்பந்தப்படியே பாமாயிலுக்கு 300 சதவீதம் வரை வரி போட நமக்கு இடம் இருந்தது. யாரும் கையைப் பிடிக்கவில்லை, நாமாகத்தான் குறைத்தோம்.

எங்கள் பக்கத்து மானாவாரி நிலத்துக்கு மல்லாட்டைதான், அதாவது நிலக்கடலைதான் பயிர். டி.எம்.வி. என்று தொடங்கும் கடலை ரகங்கள் எல்லாம் எங்கள் ஊர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து போனவை. 1990-களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் இருந்த கடலைப் பரப்பில் இன்று பாதிகூடக் கிடையாது. எல்லாவற்றுக்கும் பாமாயிலைக் குற்றம் சொல்ல முடியாது. களை எடுக்கவும் காய் ஆயவும் ஆள் கிடைப்பதில்லை, காட்டுப்பன்றி விடுவதில்லை, மழையை நம்ப முடிவதில்லை. ஆனால் கூலி ஏறியபோது விலையும் ஏறியிருந்தால் விவசாயி எப்படியோ சமாளித்திருப்பார். கடலை விலை கொஞ்சம் தலைதூக்கினால் போதும், மில்காரர் பாமாயில் விலையைக் காட்டி, இதற்கு மேல் கட்டுப்படியாகாது என்று சொல்லிவிடுவார். அவரையும் குறை சொல்வதற்கில்லை. கடைசியில் சிலர் சவுக்கு வைத்தார்கள், சிலர் மனை போட்டார்கள். ஊருக்கு ஊர் இருந்த செக்கும் சின்ன மில்லும் ஒவ்வொன்றாக மூடின. இப்போது நகரத்தில் மரச்செக்கு எண்ணெய் என்று இரண்டு மடங்கு விலைக்கு விற்கிறார்கள், அது வேறு கூத்து.

இதில் யாருமே கணக்கில் எடுக்காத ஒன்று புண்ணாக்கு. நூறு கிலோ நிலக்கடலைப் பருப்பை ஆட்டினால் நாற்பது கிலோ சொச்சம் எண்ணெய், மீதியில் பெரும்பகுதி புண்ணாக்கு. கடலை இங்கே விளைந்தால் கொடி மாட்டுக்கு, புண்ணாக்கும் மாட்டுக்கு. வேர் தன் பங்குக்கு மண்ணில் தழைச்சத்தை விட்டுவிட்டுப் போகும். எண்ணெயைக் கப்பலில் எண்ணெயாகவே இறக்கினால் இதில் ஒன்றும் கூட வராது. என் கடையில் எண்ணெய் பாக்கெட் அடுக்கிய அலமாரிக்கு எதிரில்தான் புண்ணாக்கு மூட்டை இருக்கிறது. முன்பு மூட்டையாகத் தூக்கிப்போன பால்காரர்கள் இப்போது நாலு கிலோ, ஐந்து கிலோ என்று நிறுக்கச் சொல்கிறார்கள். பால் விலை ஏன் ஏறுகிறது என்று கேட்பவர்கள் இந்தத் தராசையும் கொஞ்சம் பார்க்கலாம். எண்ணெயில் மிச்சம் பிடித்ததில் ஒரு பகுதியைப் பாலில் விட்டோம்.

சரி, மலிவான எண்ணெயால் ஏழை வீட்டிலும் பூரியும் வடையும் வெந்ததே, அது தப்பா என்று கேட்கலாம். தப்பில்லை, அந்த நன்மை நிஜம். ஆனால் நிலைக்கவில்லை. இன்று நமக்கு வேண்டிய எண்ணெயில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வருகிறது, வருஷத்துக்கு ஒன்றரைக் கோடி டன்னுக்கு மேல். 2022 பிப்ரவரியில் உக்ரைனில் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய் வரத்து முடங்கியது. ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா, முதலில் தன் மக்களுக்கு என்று பாமாயில் ஏற்றுமதியையே நிறுத்தியது. மூன்று வாரம் சொச்சம்தான். அந்த வாரங்களில் கடைக்கு வந்தவர்களுக்குப் பதில் சொல்லி மாளவில்லை. 2020-இல் நூற்றுச் சொச்சத்துக்கு விற்ற சூரியகாந்தி எண்ணெய் லிட்டர் இருநூறை நெருங்கியது. வரியைக் குறைக்கச் சொல்கிறீர்களே, அப்போது சுத்திகரிக்காத கச்சா சமையல் எண்ணெய்க்கு அடிப்படை வரி பூஜ்யம். அதற்குக் கீழே எதைக் குறைப்பது?

வரியைக் குறைத்தாலும் அது யாருக்குப் போகிறது என்பதற்கு 2025 மே மாதமே சாட்சி. இந்தோனேசியாவில் பாமாயில் ஏற்றுமதிக்கு ஒரு தீர்வை உண்டு. டீசலில் பாமாயில் கலக்க மானியம் கொடுப்பது அந்தப் பணத்தில்தான். 40 சதவீதம் கலக்க வேண்டும் என்று ஆனதும் பணம் போதாமல், மே நடுவில் தீர்வையை 7.5-லிருந்து 10 சதவீதமாக ஏற்றினார்கள். அதே மாதக் கடைசியில் நம் அரசு இங்கே கச்சா சமையல் எண்ணெய்க்கான அடிப்படை வரியை 20-லிருந்து 10 சதவீதமாக இறக்கியது. அவர்கள் ஏற்றியதற்கு நாம் இடம் விட்டுக் கொடுத்தது போல ஆயிற்று. நம் கஜானாவுக்கு வரவேண்டியதில் ஒரு பங்கு ஜகார்த்தா லாரிகளின் டீசலுக்குப் போகிறது.

அந்த 20 சதவீதமும் 2024 செப்டம்பரில்தான் வந்தது, சோயா விலை ஆதார விலைக்கும் கீழே கிடக்கிறது என்று விவசாயிகள் கத்திய பிறகு. ஒன்பது மாதம்கூட நிற்கவில்லை. குறைத்த நேரத்தையும் பாருங்கள், விதைப்புக்குச் சற்று முன்னால். கச்சா பாமாயிலுக்கு 2018-இல் 44 சதவீதம், 2022-இல் பூஜ்யம், 2024-இல் 20, 2025-இல் 10. இதை நம்பி எவர் விதைக்கடலை வாங்குவார்? அவர் விதைக்காமல் விட்டால் அடுத்த முறை விலை ஏறும்போது நமக்கு மாற்று எண்ணெய் இருக்காது. செலவு நுகர்வோர் தலையில் விழுவது இப்படித்தான். அன்றைக்கே விழாது, நாலைந்து வருஷம் கழித்து, யார் செய்தது என்று தெரியாத நேரத்தில் விழும்.

கடைப் பக்கம் நடப்பதையும் சொல்லிவிடுகிறேன். வரி ஏறினால் அடுத்த லோடிலேயே பெட்டி விலை ஏறிவிடும். வரி இறங்கினால், பழைய சரக்கு இன்னும் தீரவில்லை என்று பதில் வரும். விலையை ஏற்ற முடியாவிட்டால் அளவைக் குறைக்கிறார்கள். எண்ணெய்க்கு இன்ன அளவில்தான் பாக்கெட் போட வேண்டும் என்றிருந்த விதியைச் சில வருஷம் முன்பு எடுத்துவிட்டார்கள். ஒரு லிட்டர் என்றால் 910 கிராம் இருக்க வேண்டும். இப்போது அதே உயரம், அதே படம் போட்ட பாக்கெட் 850 கிராம், 800 கிராம் என்று வருகிறது. எழுத்து ஓரத்தில் பொடியாக இருக்கும். கண்ணாடி போடாமல் வரும் பாட்டிகளுக்கு நான்தான் படித்துச் சொல்கிறேன்.

ரேஷனில் 25 ரூபாய்க்குப் பாமாயில் கிடைக்கிறதே என்பார்கள். மீதி விலையை மாநில அரசு கொடுக்கிறது, அதாவது நாம் வரியாகக் கொடுக்கிறோம். அந்தப் பணமும் வெளிநாட்டுத் தோட்டங்களுக்குத்தான் போகிறது. அதில் ஒரு பகுதிக்காவது கடலை எண்ணெய் வாங்கட்டும். மாநிலம் முழுக்க வேண்டாம், கடலை விளையும் மூன்று நான்கு மாவட்டங்களில் தொடங்கினால் போதும். வரியை இத்தனை என்று நிரந்தரமாக வைக்கச் சொல்லவில்லை. உலக விலை விழும்போது ஏறவும், உலக விலை ஏறும்போது இறங்கவும் ஒரு கணக்கு வைத்து, அதை ஆடிப்பட்டத்துக்கு முன்பே அறிவித்துவிட்டு, ஒரு வருஷம் கையை வைக்காமல் இருந்தால் போதும்.

உங்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தங்கம் விலையைத் தினமும் போடுகிறீர்கள். வாரம் ஒருமுறை அதன் பக்கத்தில் கச்சா பாமாயிலுக்கான இறக்குமதி வரி எவ்வளவு, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கடலை மூட்டை என்ன விலைக்குப் போனது, கடையில் எண்ணெய் என்ன விலை என்று மூன்று விவரம் சேர்த்துப் போடுங்கள். மூன்றாவது விவரத்துக்கு வேண்டிய விலையை என் கடையிலிருந்தே தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு மளிகை வியாபாரி,
திண்டிவனம்.