மீசாலைத் திண்ணைக்கு ஒரு நன்றி மடல்

தென்மராட்சி மக்களுக்கும், குறிப்பாக மீசாலையில் எங்களுக்குத் திண்ணை தந்த அம்மாவுக்கும்,

போரால் இடம்பெயர்ந்து ஆறு மாதங்கள் உங்களோடு இருந்த நாங்கள் கொக்குவிலுக்குத் திரும்பி மூன்று கிழமைகளாகின்றன. கூரையில் பாதி ஓடுகள் இல்லை; கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கவே நான்கு நாட்கள் சென்றன. இத்தனை வேலைகளையும் அப்படியே விட்டுவிட்டு நான் இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம், நேற்று மாலை அவிழ்த்த ஒரு பொட்டலம்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அன்று யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியை விட்டுத் தென்மராட்சிக்கு வெளியேறிய இலட்சக்கணக்கானோரில் ஒவ்வொருவரிடமும் அந்த மழையைப் பற்றியும் நாவற்குழிப் பாலத்து நெரிசலைப் பற்றியும் சொல்ல ஒரு கதை இருக்கிறது; என்னுடையது அவற்றைவிடப் பெரியதன்று. சைக்கிள் கரியரில் உடுப்புப் பெட்டியைக் கட்டாமல் தையல் மெசினின் தலையை மட்டும் கழற்றிக் கட்டினேன் என்பதையும், பதினொரு மாதக் குழந்தையைத் தோளில் சுமந்து வந்த என் மனைவி அதற்காகச் சாவகச்சேரி வரை என்னோடு பேசவில்லை என்பதையும் மட்டும் சொல்லிவிடுகிறேன்.

அவர் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. மிதித்து ஓட்டும் காலில்லாத மெசின் வெறும் இரும்பு. பள்ளிக்கூட மண்டபத்தில் இருந்த நாட்களில் அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, விடிந்ததும் நிவாரண அரிசிக்காக வரிசையில் நிற்பேன். மூன்று பிள்ளைகளின் தகப்பன், பதினெட்டு வருடங்களாகத் தன் கையால் உழைத்துச் சாப்பிட்டவன், பையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது பிள்ளைகள் அந்தப் பக்கம் வந்துவிடக் கூடாதே என்றுதான் எண்ணுவான். பசியை அவர்களுக்குப் பழக்கிவிட முடிந்தது. அந்தக் காட்சியைப் பழக்க எனக்கு மனமில்லை.

அம்மா, உங்கள் திண்ணைக்கு வந்த மறுநாள் நீங்கள் கேட்ட முதற் கேள்வி, “தம்பி, உந்த மெசினுக்குக் கால் எங்கை?” என்பதுதான். கொக்குவிலில் விட்டுவிட்டேன் என்றேன். ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனீர்கள். மாலையில், மிதிபலகையோடு கூடிய ஒரு சிங்கர் மெசினின் கால் திண்ணையில் நின்றது. “என்ரை மெசின் ஓடாது, பழுதாய்ப் போச்சுது. காலைப் பாவியுங்கோ” என்றீர்கள். அதோடு பழைய பருத்திச் சேலையொன்றைத் தந்து இரண்டு தலையணை உறை தைக்கச் சொன்னீர்கள். தைத்து முடித்ததும் இரண்டு சுண்டு அரிசியை அளந்து வைத்துவிட்டு, நான் மறுக்க வாயெடுக்கும் முன்பே, “சும்மா தரேல்லைத் தம்பி, வேலைக்குத்தான் தாறன்” என்றீர்கள். அன்றிரவு என் மனைவி வடித்த சோறு எங்கள் சோறாக இருந்தது.

அதன் பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மாற்றுடுப்பின்றி வந்த குடும்பங்களுக்குச் சேலைகளும் யன்னல் சீலைகளும் பிள்ளைகளின் சட்டைகளாயின. கூலியாகத் தேங்காய் வந்தது, பலாப்பழம் வந்தது, சில வேளைகளில் அரைப் போத்தல் மண்ணெண்ணெய் வந்தது. நூல் கிடைக்காதபோது பழந்துணியின் தையலைப் பிரித்து நூலெடுத்து மூத்தவள் சுற்றித் தந்தாள். மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு இரவில் விளக்கு வைத்துத் தைக்க வழியில்லை என்பதால், வெளிச்சம் உள்ளவரை மிதித்தேன்.

தைப்பொங்கலுக்கு முதல் நாள், நெல்மூட்டையை இறக்கித் தரும்படி நீங்கள் என்னை அறைக்குள் அனுப்பியபோது, மூலையில் வெள்ளைத்துணி போர்த்தியிருந்த உங்கள் மெசின் தலையைக் கண்டேன். தொழில்காரனின் கை சும்மா இராது. சக்கரத்தை ஒரு விரலால் தொட்டேன். எண்ணெயிட்டது போல ஓசையின்றிச் சுழன்றது. அதில் ஒரு பழுதும் இல்லை. உங்கள் பெண்பிள்ளைகளின் உடுப்பெல்லாம் அதிலேதான் நீங்கள் தைத்தீர்கள் என்று பின்னர் பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். தலையணை உறை தைக்கவா உங்களுக்குத் தெரியாது? இதை நான் உங்களிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீங்கள் இன்னொரு பொய் சொல்ல வேண்டி வந்திருக்கும்.

ஏனையோருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன். குழந்தைக்கு நாள்தோறும் ஆட்டுப்பால் தந்துவிட்டுக் காசு வாங்க மறுத்த வீட்டாருக்கும், நூறு பேர் அள்ளிக் கலங்கிய பின்னரும் கிணற்றடியைப் பூட்டாத அயலவர்களுக்கும், மரத்தடியில் பாடம் நடத்திய ஆசிரியர்களுக்கும், பனங்கட்டியும் தேத்தண்ணீரும் தந்து என் மாமியாரின் காய்ச்சலைப் பார்த்துக்கொண்ட ஆச்சிக்கும், பாலத்து நெரிசலில் என் சைக்கிளைப் பின்னால் பிடித்துத் தள்ளிவிட்டு முகம் காட்டாமற் போன இளைஞனுக்கும் என் குடும்பத்தின் நன்றி. எங்கள் தொகையைத் தாங்கத் தென்மராட்சியில் இடமிருந்ததோ இல்லையோ, இடமில்லை என்று எங்களிடம் எவரும் சொல்லவில்லை.

இனிப் பொட்டலத்துக்கு வருகிறேன். இந்த 1996 ஏப்ரல் கடைசியில் நாங்கள் புறப்பட்டபோது, மெசின் தலைக்கு நீங்களே எண்ணெய் பூசிப் பழஞ்சேலையில் சுற்றித் தந்தீர்கள். வீட்டிலிருக்கும் காலில் சக்கரத்தைச் சுற்றும் பட்டி தோலா என்று நீங்கள் கேட்டதன் பொருள் எனக்கு அப்போது விளங்கவில்லை. நேற்று எங்கள் மெசினின் காலைத் துடைத்து நிமிர்த்தினேன். பலகையை யாரோ விறகாக்கியிருந்தார்கள், பட்டியை எலி தின்றிருந்தது. சேலையை அவிழ்த்தால், மடிப்புக்குள் உங்கள் மெசினின் தோற்பட்டி சுருண்டு கிடந்தது.

இன்றைக்கு யாழ்ப்பாணக் கடைகளில் அந்தப் பட்டியை எந்த விலைக்கும் வாங்க முடியாது. அது இல்லாமல் உங்கள் மெசின் இப்போது உண்மையாகவே ஓடாது. கடைகளுக்குப் பட்டி வந்த அன்றே, முதலாவதை எடுத்துக்கொண்டு மீசாலைக்கு வருவேன். என் கையாலேயே பூட்டித் தருவேன்.

இன்று காலை அதை மாட்டிச் சின்னவளுக்கு ஒரு சட்டை தைத்தேன். மிஞ்சிய துணியில் உங்களுக்கு இரண்டு தலையணை உறைகள் வெட்டி வைத்திருக்கிறேன். வரும்போது கொண்டு வருகிறேன்.

இப்படிக்கு,
கொக்குவில் தையற்காரன்