கேள்வியையும் எடுங்கோ தம்பி

அன்புள்ள மகளுக்கு,

போன ஞாயிறு நீ ரெலிபோனில் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "கிளிநொச்சி அம்மாவின் செய்தியை உங்கட பத்திரிகையில் ஏன் போடாமல் வைத்திருக்கிறீங்கள் அப்பா? பாரிஸில இருக்கிற உங்களுக்கு ஆரிட்டைப் பயம்?" என்றாய்.

எனக்கு இங்கே ஒன்றும் நடக்காது பிள்ளை. அதனால்தான் போட முடியாமல் இருக்கிறது.

2000 ஒக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரம், பத்திரிகையாளர் நிமலராஜன் யாழ்ப்பாணத்தில் தன் வீட்டில் இருந்து எழுதிக்கொண்டிருந்தபோது யன்னலுக்கு வெளியே நின்று சுட்டுக் கொன்றார்கள். அதற்குப் பிறகு உன் அம்மம்மா என் மேசையை யன்னலடியில் வைக்க விடவில்லை. 2006 மே 2 இல் யாழ்ப்பாணத்து உதயன் பத்திரிகை அலுவலகத்துக்குள் புகுந்து இரண்டு ஊழியர்களைச் சுட்டுக் கொன்றார்கள். அடுத்த நாள் உலக பத்திரிகைச் சுதந்திர நாள், யுனெஸ்கோ அதைக் கொழும்பில்தான் நடத்தியது. அந்த வருடமே நான் வெளிக்கிட்டேன். உனக்கு நாலு வயது.

அங்கே எழுதினவனைத் தேடித்தான் வந்தார்கள். இப்போது எழுதுகிறவன் நான், வாசலில் வந்து நிற்கிறவர்களுக்குப் பதில் சொல்லவேண்டியது அந்த அம்மா. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் போராட்டம் தொடங்கின நாளில் இருந்து அங்கே இருக்கிறா. மகனை 2009 மே மாதம் வட்டுவாகலில் ஆமியிடம் கையளித்தவ. இரவில் வீட்டுக்கு வந்தவர்கள் கேட்டதையெல்லாம் எனக்கு ஒலிப்பதிவாகச் சொல்லியிருக்கிறா. இதை உன்னோடு வைத்துக்கொள்.

பெயரை மாற்றி, ஊரை விட்டு, மகனின் வயதை எடுத்து, வந்தவர்கள் கேட்ட ஒரு கேள்வியை மட்டும் வைத்து எழுதினேன். எழுதியதை அவவுக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு, "அந்தக் கேள்வியையும் எடுங்கோ தம்பி. அதை என்னட்டை மட்டும்தான் கேட்டவங்கள்" என்றா.

அதை எடுத்தால் செய்தியில் ஒன்றும் மிஞ்சாது. இங்கே தமிழ்க் கடைகள் இருக்கிற லாசப்பலில் கடைக்குள்ளேயே மறித்துக் கேட்கிறார்கள், நீயும் பயந்துவிட்டாயா என்று. அந்தச் சனத்துக்காகத்தான் இந்தப் பத்திரிகை, அவர்கள் கேட்பதில் பிழையில்லை. ஆனால் 2009 ஐ நான் மறக்கவில்லை. இரவிரவாக ரெலிபோன் அடிக்கும், சண்டை நடந்த மாத்தளனில் இருந்து வந்த, செத்தவர்களின் பெயர்களில் தம்பி இருக்கிறானா, அக்கா இருக்கிறாவா என்று. தெரியாததைத் தெரியாது என்றுதான் சொன்னேன். ஒரே ஒருமுறை, இன்னொருவரிடம் கேட்டு உறுதிப்படுத்தாமல், ஒரு தகப்பனுக்கு "ஓம்" என்றுவிட்டேன். செத்தவருக்குச் செய்கிற எட்டுச்செலவும் முடிந்தபிறகு அந்தப் பெடியன் செட்டிகுளம் அகதி முகாமில் இருந்து ஆள் மூலம் செய்தி அனுப்பினான். பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று சந்தோசப்பட்டுத்தான் அந்த மனிசன் என்னிடம் சொன்னார். ஒரு வார்த்தை ஏசவில்லை. எனக்குத்தான் பல நாள் பேனை பிடிக்க ஏலவில்லை.

அந்த அம்மா தைப்பொங்கல் கழிய ரெலிபோன் எடுக்கிறேன் என்றிருக்கிறா. சம்மதம் என்றால் அன்றைக்கே போடுவேன். நீ லீவில் வரும்போது ஒலிப்பதிவின் பிரதி ஒன்றைக் கையில் தருகிறேன், மின்னஞ்சலில் அனுப்பமாட்டேன். எனக்கு ஏதும் நடந்தாலும் அவவைக் கேட்காமல் அதை வெளியே விடாதே.

அன்புடன்,
அப்பா