மூன்றாம் முறையாக அதே கோடு

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். அறையைப் பற்றியும் குளிரைப் பற்றியும் அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டேன். படிப்பு எப்படிப் போகிறது என்று நீங்கள் கேட்டதற்கு மட்டும் மழுப்பிவிட்டேன் என்பதால் இக்கடிதம்.

இந்தப் பருவத்திலும் பொருளியல் வகுப்பு, விலை ஏற ஏற வாங்கும் அளவு குறைவதைக் காட்டும் தேவைக் கோட்டில்தான் தொடங்கியது. அறிமுகப் பாடத்திலும் அதன்பின் நுண்ணினப் பொருளியலிலும் வரைந்த அதே படம், உழைப்புச் சந்தை என்ற பெயரில், விலை இருந்த இடத்தில் கூலி என்று மட்டும் மாறி மறுபடியும் பலகைக்கு வந்திருக்கிறது. பல நாடுகளிலிருந்தும் பல துறைகளிலிருந்தும் மாணவர்கள் வந்து சேர்வதால், அனைவரையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்த பின்னரே மேலே செல்ல முடியும் என்கிறார் பேராசிரியர். நியாயம்தான், ஆனால் அதற்குள் பாதிப் பருவம் முடிந்துவிடுகிறது. வருகைக்கு மதிப்பெண் உண்டு, ஆகவே போகாமலும் இருக்க முடியாது.

திரும்பச் சொல்வதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். எங்கே கேள்வி பிறக்கிறதோ, சரியாக அந்த இடத்தில் பாடத்தை நிறுத்திவிடுவதைத்தான் தாங்க முடியவில்லை. வேலை தேடுவோரின் எண்ணிக்கையும் இருக்கும் வேலைகளும் ஒத்துப்போகும் சமநிலைக் கூலிக்கு மேலே குறைந்தபட்சக் கூலியை வைத்தால் வேலையின்மை உண்டாகும் என்று மூன்று முறை குறிப்பெழுதிவிட்டேன். ஆனால் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் 1992இல் அந்தக் கூலி மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்ந்தபோது, டேவிட் கார்டு, ஆலன் க்ரூகர் என்ற இரு பொருளியலாளர்கள் அங்கும் பக்கத்துப் பென்சில்வேனியாவிலுமாக 410 துரித உணவகங்களை ஆராய்ந்து, வேலைவாய்ப்பு குறைந்ததற்கு அடையாளம் இல்லை என்று 1994இல் எழுதினார்கள். அதை மறுத்து வாதிட்டவர்களும் உண்டு. இந்த வாதத்தைக் கேட்கத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்? கை தூக்கிக் கேட்டால், "அது அடுத்த பாடத்தில் வரும்" என்கிறார்கள். சென்ற ஆண்டும் இதே பதில்தான். அன்று சொன்ன அடுத்த பாடம் இதுதான்.

சலிப்பில் ஒரு நாள் வேறொன்று தோன்றியது. விலை மாறுவதால் தேவை மாறுகிறது என்றால், நீங்கள் எனக்குக் கணக்கில் கற்றுக்கொடுத்தபடி விலை படுக்கை அச்சில் அல்லவா இருக்க வேண்டும்? வகுப்பில் அதைச் செங்குத்து அச்சில் வரைகிறோமே என்று கேட்டேன். வழக்கம் அப்படி என்றார்கள். நூலகத்தில் தேடியபோதுதான் விளங்கியது: 1890இல் வெளியான தம் நூலில் ஆங்கிலேயப் பொருளியலாளர் ஆல்ஃபிரட் மார்ஷல், இத்தனை அளவு விற்க வேண்டுமானால் என்ன விலைக்கு விற்கும் என்று அளவிலிருந்தே தொடங்கினார். பிரெஞ்சுப் பொருளியலாளர் வால்ரஸ் விலையிலிருந்து தொடங்கினார். நாம் வால்ரஸைப் போலப் பேசிக்கொண்டு மார்ஷலின் படத்தை வரைகிறோம். மூன்று பாடங்களில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை என்பதில் எனக்கு வருத்தம். நானே கண்டுபிடித்ததில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

இப்பாடத்திலிருந்து விலக்கு கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். கிடைத்தால் அந்த நேரத்தில் புள்ளியியல் படிப்பேன். கார்டும் க்ரூகரும் செய்த கணக்கை நானே போட்டுப் பார்க்க அது வேண்டும். அம்மாவிடம் மட்டும் படிப்பு நன்றாகப் போகிறது என்றே சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்