கிணற்றைத் தூர்வாரிவிட்டாயா?

தோப்ருக், லிபியா
ஆகஸ்ட் 1941

மகனுக்கு அப்பா எழுதுவது.

நலம். கையில் குண்டடி பட்டு ஊருக்குத் திரும்பும் நம் ரோத்தக் ஆள் ஒருவரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். சென்சார் கண்ணில் படாது, அதனால்தான் ஊர்ப் பெயரை எழுதிவிட்டேன். படித்ததும் அடுப்பில் போடு.

ஏப்ரலிலிருந்து ஜெர்மன்காரனும் இத்தாலிக்காரனும் எங்களை வளைத்து நிற்கிறார்கள். மிச்சமிருப்பது கடல் பக்கம்தான். ரேஷன், தோட்டா, தபால் எல்லாம் இரவுக் கப்பலில் வரும். அவசர அவசரமாக இறக்கிவிட்டு, விடிவதற்குள் கப்பல் தூரம் போய்விட வேண்டும். இல்லாவிட்டால் விமானம் வந்துவிடும். அப்படி வந்த தபாலில் அம்மாவின் கடிதமும் இருந்தது. எருமை கன்று போட்டது, சித்தப்பாவுக்கு முட்டிவலி, எல்லாம் எழுதியிருந்தாள். உன்னைப் பற்றி ஒரு வரி இல்லை. எப்போதும் அவள் சொல்லச் சொல்ல நீதான் எழுதுவாய். இந்தத் தடவை எழுத்து வாத்தியாருடையது. சரி, உனக்கு வயலில் வேலை இருந்திருக்கும்.

கிணற்றைத் தூர்வாரிவிட்டாயா? மழைக்கு முன்பே செய்யச் சொல்லியிருந்தேன்.

இங்கே தண்ணீர் உப்பு. டீயில் பால் விட்டால் திரிந்துவிடுகிறது. ரொட்டியைக் கடித்தால் மணல் நறநறக்கும். பகலெல்லாம் குழிக்குள் ஈ ஓட்டிக்கொண்டு படுத்திருப்போம், தலையைத் தூக்கினால் சுடுவான். இரவில் ரோந்து. நம் பையன்கள் நடந்தால் காலடிச் சத்தமே கேட்காது என்று எங்களோடு இருக்கும் ஆஸ்திரேலியாக்காரர்களே சொல்கிறார்கள்.

ரிசாலா என்றால் குதிரைப்படை என்றுதான் நீ சின்ன வயதிலிருந்தே நினைத்துக்கொண்டிருக்கிறாய். எங்கள் பதினெட்டாவது ரிசாலாவில் இப்போது குதிரையே கிடையாது. குதிரையை எடுத்துக்கொண்டு லாரி கொடுத்தார்கள். இங்கே அதுவும் பேருக்குத்தான், காலாட்படைக்காரன் மாதிரி குழி வெட்டிக்கொண்டிருக்கிறோம். மண்வெட்டி பிடிக்க ஆப்பிரிக்காவுக்கு வர வேண்டுமா? மூலை நிலத்தில் பிடித்தால் போதாதா?

பக்கத்து ஊர்களுக்கு ஆள் எடுக்க வந்தார்களாம். அதற்காக இதைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன். உன் உயரத்துக்கும் தோளுக்கும் அவர்கள் கண் முதலில் உன் மேல்தான் விழும். முரட்டுக் காளையை ஒற்றை ஆளாக மடக்கியவன் நீ, ஊரே பார்த்தது. ஆனால் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல் எதையும் செய்யும் பழக்கமும் உன்னிடம்தான் இருக்கிறது. பஞ்ச வருஷத்தில் அப்பாவின் சம்பளம்தானே அடுப்பை எரியவிட்டது என்பாய். உண்மைதான். அதற்கு ஒரு வீட்டுக்கு ஒரு ஆள் போதும்.

அம்மாவைப் பார்த்துக்கொள். எருமைப் பாலை முழுவதும் விற்றுவிடாதே, நீயும் குடி. மழை நின்றதும் கிணற்று வேலையை ஆரம்பி, தள்ளிப்போடாதே.

தண்ணீர் எத்தனை முழத்தில் இருக்கிறது என்று நீயே அளந்து பார்த்து, உன் கையாலேயே எழுது. எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை. வாத்தியாரிடம் கொடுக்காதே.

அப்பா