லோஷன் கட்டியில் கற்றாழை வேண்டாம்

ஆசிரியருக்கு,

தோலில் தேய்த்துப் பூசும் கட்டி வடிவ லோஷனை, அதாவது லோஷன் கட்டியை, வீட்டிலேயே செய்வது பற்றித் தங்கள் இணைப்பிதழில் வந்த குறிப்பைப் படித்தோம். மூன்றே பொருளில் செய்துவிடலாம் என்று வாசகர்களுக்குச் சொன்னது நல்ல காரியம். ஆனால் அதில் உள்ள ‘இரண்டு கரண்டி கற்றாழை ஜெல்’ என்ற வரியை உடனே திருத்தியாக வேண்டும்.

மெழுகு, கெட்டிக் கொழுப்பு, எண்ணெய் இவை மட்டுமே லோஷன் கட்டி. தண்ணீர் துளியும் கிடையாது. கிருமியும் பூஞ்சையும் அதில் வளராமல் இருப்பதற்கும், பதப்படுத்தும் பொருள் தேவைப்படாததற்கும் அதுதான் காரணம். கற்றாழை, பன்னீர், தேன், பால் எதுவுமே எண்ணெயோடு சேராது. சூட்டில் கலந்ததுபோலத் தெரியும். ஆறியதும் சொட்டுச் சொட்டாகப் பிரிந்து நிற்கும். பூஞ்சை பிடிப்பது அந்த இடத்தில்தான். அப்படிச் செய்துவிட்டவர்கள் அதை மறுபடி உருக்கிச் சரிசெய்யப் பார்க்காமல் எறிந்துவிடுவதே நல்லது. வைட்டமின் ஈ சேர்த்திருக்கிறோமே என்று சிலர் கேட்பார்கள். எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதை அது தள்ளிப்போடும், அவ்வளவுதான், கிருமியைத் தடுக்காது. அதற்கும் 100 கிராமுக்கு அரை கிராம் போதும்.

அடுத்தது அளவு. ‘ஒரு கப் துருவிய தேன்மெழுகு’ என்பது துருவல் எவ்வளவு பொடி, எவ்வளவு அமுக்கினோம் என்பதைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். மெழுகு கூடினால் கட்டி தோலில் வழுக்காமல் இழுக்கும். குறைந்தால் எடுத்த கையிலேயே குழையும். ஆகவே எல்லாவற்றையும் தராசில் நிறுத்துத்தான் போட வேண்டும். தேன்மெழுகு 30 கிராம், கெட்டிக் கொழுப்பாக ஷியா பட்டர் (ஷியா மரக் கொட்டையின் கொழுப்பு) அல்லது கோகோ பட்டர் 30 கிராம், பாதாம் எண்ணெய் போன்ற திரவ எண்ணெய் 30 கிராம் என்பது நம்பகமான தொடக்கம். வெயில் காலத்துக்கு மெழுகை 35 ஆக்கி எண்ணெயை 25 ஆகக் குறைக்கலாம். தேங்காய் எண்ணெய் 25 டிகிரியை ஒட்டியே உருகிவிடும். குளிரில் உறைந்திருந்தாலும் அதைத் திரவ எண்ணெய்க் கணக்கில்தான் வைக்க வேண்டும். தேன்மெழுகு வேண்டாம் என்பவர்கள் ‘காண்டலில்லா’ (candelilla) என்ற செடியின் மெழுகு போடலாம். அது இன்னும் கடினமானது என்பதால் ஏறக்குறைய பாதி எடை போதும்.

தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரியில். பாத்திரத்தை நேரடியாக அடுப்பில் வைக்காமல், கொதிநீர் உள்ள இன்னொரு பாத்திரத்துக்குள் வைத்து உருக்க வேண்டும். மெழுகும் எண்ணெயும் முதலில். அவை முழுதும் உருகிய பிறகு பட்டர். இறக்கியதும் பாத்திரத்தின் அடியைத் துடைத்துவிட வேண்டும். அங்கே வழியும் ஒரு துளி நீர் அச்சில் விழுந்தாலும் கட்டியில் குழி விழும். ஊற்றுவதற்கு முன் ஒரு கரண்டியில் கொஞ்சம் எடுத்துக் குளிர்பதனப் பெட்டியில் சில நிமிடம் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். மெழுகோ எண்ணெயோ கூட்ட வேண்டுமானால் அந்த நேரத்தில்தான் முடியும்.

ஷியா சேர்த்த கட்டி மணல்மணலாக இருக்கிறது என்பது எங்களிடம் அதிகம் வரும் புகார். அது கெட்டுப்போனதன் அறிகுறி அன்று. ஷியாவில் உள்ள கொழுப்புகள் வெவ்வேறு சூட்டில் உறைபவை. மெதுவாக ஆறவிட்டால் முந்தி உறைபவை திரண்டு குருணையாகிவிடும். முழுவதும் உருக்கி, ஊற்றியதும் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வழவழப்பாக வரும். உறைபெட்டி வேண்டாம், வெடிப்பு விழும். நடுவில் பள்ளம் விழுந்தால் மீதி வைத்த கலவையைச் சூடாக்கி நிரப்பிக்கொள்ளலாம்.

நறுமண எண்ணெய் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. மேலே சொன்ன 90 கிராமுக்கு அது ஒரு கிராம்கூட வராது. சமையலறைத் தராசு அதைச் சரியாகக் காட்டாது, 0.1 கிராம் காட்டும் தராசு வேண்டும். பெர்கமாட் (எலுமிச்சை இனப் பழம் ஒன்று) எண்ணெய் போலப் பழத்தோலைப் பிழிந்து எடுக்கும் எண்ணெய்களில் சில, பூசிய இடத்தில் வெயில் பட்டால் நம் தோலைக் கன்றச் செய்யும். ஆகவே வெளியே போகும் உடம்பில் பூசுவதற்கு அவை ஆகாது.

பொதி செய்வதைத் தங்கள் குறிப்பு ஒரே வரியில் முடித்துவிட்டது. நல்ல கட்டிகள் பாழாவது பெரும்பாலும் அங்கேதான். குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த கட்டியின் மேல் முத்துமுத்தாக ஈரம் படியும். அதோடு மூடினால் நீரைக் கூடவே அடைத்ததாகிவிடும். அறைச் சூட்டுக்கு வரவிட்டு, துடைத்து, ஒரு நாள் கழித்து மூடுங்கள். சாதாரணத் தாள் எண்ணெயை உறிஞ்சிக் கறைபடும். உள்ளே பட்டர் பேப்பர் வேண்டும். அலுமினிய டப்பாவிலேயே நேராக ஊற்றினால் கட்டியைக் கிளப்ப முடியாது. டப்பாவைவிடச் சில மில்லிமீட்டர் சிறிய சிலிகான் அச்சில் வார்த்து உள்ளே வைத்தால் விரலால் எடுக்கலாம். அடியிலிருந்து தள்ளும் அட்டைக் குழாய் என்றால், முதலில் மெல்லிய ஓர் அடுக்கு ஊற்றி உறையவிட்டு மீதியை ஊற்ற வேண்டும். இல்லாவிட்டால் அடித்தட்டு வழியே கசியும்.

எண்ணெய்ப் பிசுக்கு பட்ட டப்பாவில் லேபிள் ஒட்டாது. நிரப்பும் முன்பே ஒட்டிவிடுங்கள். எடை அதிகமுள்ள பொருளிலிருந்து இறங்குவரிசையில் பொருள்களின் பெயர், நிகர எடை, செய்த தேதி, பாதாம் போன்ற கொட்டை எண்ணெயும் தேன்மெழுகும் இருப்பது ஆகியவை அதில் இருக்க வேண்டும். பயன்படுத்தும் கடைசித் தேதியை நாமாக ஆறு மாதம், ஒரு வருடம் என்று போடக் கூடாது. சேர்த்த எண்ணெய்களில் எது முதலில் காலாவதியாகிறதோ, அந்தப் புட்டியில் உள்ள தேதிதான் கட்டிக்கும்.

இப்படிக்கு,
வீட்டுத் தயாரிப்புப் பயிற்சியாளர்கள்